தேடிக் காண்பது யார் கடமை?

கேட்டபோது கொடுப்பதாக எழுதி வாங்கிய பிராமிசரி நோட்டை மூன்று ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு கோர்ட்டுக்கு எடுத்துச் செல்பவனை, நோட்டு காலாவதியாகிவிட்டதென்று நீதிபதி திருப்பி அனுப்பிவிடுவார். இது வக்கீல்கள் மட்டுமன்றிக் கொடுக்கல் வாங்கல் செய்யும் ஜனங்கள் அனைவரும் அறிந்த விஷயம். ஆனால் 1963ஆம் ஆண்டின் அந்தக் காலவரையறைச் சட்டத்திலேயே கருணை பொருந்திய விதி ஒன்றும் இருக்கிறது. வழக்குத் தொடுக்கும் உரிமையுடையவன் மைனராயிருந்தால், அவன் வயது வரும்வரை கெடு அவனுக்கு எதிராக ஓடாது. குழந்தை தன் உரிமையைத் தானே கேட்க இயலாது. ஆகையால் காலம் அதற்காகக் காத்திருக்கட்டும் என்பது சட்டத்தின் கருத்து.

சட்டம் காத்திருக்கும், இயற்கை காத்திருப்பதில்லை. மனிதனின் மூளை மிக விரைந்து வளர்வது பிறந்தது முதல் மூன்று வயது வரையிலுள்ள காலத்தில்தான் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. பிறவியிலேயே செவி கேளாத சிசு அவ்வாண்டுகளை நிசப்தத்தில் கழித்துவிடுமாயின், ஒலியைப் பொருளாக அறியும் திறனைப் பின்னர் பெறுவது மிகக் கடினம். கை கால் விறைத்த குழந்தைக்கும், பிறர் முகம் நோக்காத குழந்தைக்கும், பேச்சு வாராத குழந்தைக்கும் இது பொருந்தும். மூன்று வயது கடந்தால் பயனே இல்லையென்று நாம் கூற வரவில்லை. எந்த வயதிலும் பயிற்சி நன்மையே தரும். ஆயினும் முதலில் எளிதாய்க் கிடைப்பது பிறகு அரிதாகிவிடுகிறது.

அந்த அரிய ஆண்டுகள் நம் வீடுகளில் எவ்வாறு கழிகின்றன? இரண்டு வயது நிறைந்தும் பிள்ளை பேசவில்லையென்று தாய் கவலையுறுகிறாள். "அவன் தகப்பனும் நான்கு வயதில்தான் வாய் திறந்தான்" என்று பாட்டி தேற்றுகிறாள். வசம்பை உரைத்து நாவில் தடவுகிறார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்கிறார்கள். ஓராண்டு போகிறது, மற்றோர் ஆண்டும் போகிறது. இவர்களைப் பழிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. குழந்தைபால் அன்பு இல்லாதவர்கள் அல்லர் இவர்கள். பரிசோதனை என்று ஒன்று உண்டு, அது இலவசம், அது இன்ன இடத்தில் நடக்கிறது என்று இவர்களிடம் எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

பரிசோதனை உண்டு என்பதை முதலில் தெளிவாகக் கூறிவிடுவோம். 2013ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் 'ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் நாடிக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறையும், சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். ஐயத்துக்குரிய குழந்தையை அக்குழு மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை வைத்தியர், செவியையும் பேச்சையும் சோதிப்பவர், இயன்முறைப் பயிற்சியாளர், மனநூல் வல்லவர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருத்தல் வேண்டுமென்பது திட்டம். சோதனைக்கும் சிகிச்சைக்கும், தேவையாயின் அறுவைச் சிகிச்சைக்கும்கூட, பெற்றோர் காசு கொடுக்க வேண்டியதில்லை. இவையன்றி, பல்வகைக் குறைபாடுடையோருக்கென 2005ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய சர்க்கார் நிறுவிய தேசிய நிறுவனமும் இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு நேரக்கூடிய குழந்தைகளைக் கண்டறியும் பொருட்டு, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டுமென்று 25ஆவது பிரிவில் சர்க்காருக்குக் கட்டளையிடுகிறது. 'செய்யலாம்' என்று கூறாமல் 'செய்ய வேண்டும்' என்றே அது கூறுகிறது. இவ்விரண்டு சொற்களுக்குமுள்ள வேற்றுமையின் மீதுதான் எத்தனையோ வழக்குகள் வெல்வதும் தோற்பதும். ஆகவே குழந்தையைத் தேடிக் காண்பது தாயின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்ட காரியமன்று. அது சர்க்காரின் கடமை.

திட்டமும் சட்டமும் இருக்கையில் இடர்ப்பாடு எங்கே? சற்று உற்று நோக்கினால் விளங்கும். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருகிறது. ஆனால் கெடு மிக வேகமாக ஓடும் வயதாகிய முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை அங்கன்வாடியில் நாள்தோறும் உட்கார்ந்திருப்பதில்லை. அதன் தாய் சத்துமாவு வாங்க வந்து போகிறாள். குழு வந்த நாளில் அவள் கூலி வேலைக்குப் போயிருந்தால் அவள் குழந்தை எண்ணிக்கையில் சேராது. சேர்ந்து, மாவட்டத் தலைநகருக்குச் செல்லும்படி சீட்டும் கொடுத்துவிட்டார்கள் என்றே கொள்வோம். சோதனை இலவசமே, ஆயினும் பஸ் கட்டணம் இலவசமன்று, இழந்த ஒருநாள் கூலி இலவசமன்று. பயிற்சியோ ஒருமுறை சென்று முடிவதன்று. வாரந்தோறும் செல்ல வேண்டியது. அவள் செல்லாதிருந்தால், "ஏன் அம்மா வரவில்லை?" என்று வீடு தேடி வந்து கேட்பவர் யார்? எத்தனை நாட்களுக்குள் அந்தக் குழந்தை சோதிக்கப்பட வேண்டுமென்று சட்டத்தில் கெடு ஏதும் விதிக்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, காகிதத்தின் நகலைக் கேட்டவனுக்கு 30 நாட்களுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். காகிதத்துக்குக் கெடு உண்டு. குழந்தைக்குக் கெடு இல்லை!

இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் முறை நாம் கவனிக்கத்தக்கது. குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்காக 1975ஆம் ஆண்டில் அங்கே சட்டம் இயற்றினார்கள். 1986ஆம் ஆண்டில் அதைத் திருத்தி, மூன்று வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கும் சேவை கிடைக்க வழி செய்தார்கள். குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அச்சட்டம் ராஜ்யங்களின் தலைமேல் வைத்தது. வைத்தியரின் சீட்டு இன்றியே தாய் தானாகச் சென்று பரிசோதனை கேட்கலாம். அப்பரிசோதனைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. விண்ணப்பம் வந்த 45 நாட்களுக்குள் சோதனையை முடித்து, அக்குடும்பத்துடன் கூடியிருந்து அக்குழந்தைக்குரிய சேவைத் திட்டத்தை வகுக்க வேண்டும். அங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆயினும் நாள் குறிப்பிட்ட கடமையை நிறைவேற்றாத உத்தியோகஸ்தரை நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். நாள் குறிப்பிடாத கடமையோ நீர்மேல் எழுத்தாகிவிடுகிறது. செல்வத்தில் அந்நாட்டுக்கு நாம் நிகரில்லை என்பர். உண்மையே. ஆனால் கெடு விதிப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டுவன இவை. ஐயத்துக்குரியதெனக் கண்ட குழந்தையை 45 நாட்களுக்குள் முழுமையாகச் சோதிக்க வேண்டுமென்று விதி செய்க. சீட்டில் இடத்தையும் தேதியையும் குறித்துக் கொடுத்து, அந்நாளில் வராத குழந்தையை வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் பொறுப்பைக் கிராம சுகாதாரச் செவிலியருக்கோ வேறு ஊழியருக்கோ பெயர் சொல்லி ஒப்படைக்க. தாயின் பஸ் செலவைக் கொடுக்க. எத்தனை குழந்தைகள் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பயிற்சியைத் தொடர்கிறார்கள் என்ற கணக்கை மாவட்டந்தோறும் ஆண்டுக்கொருமுறை வெளியிடுக. கணக்கு வெளிவந்தால் குறை தானே வெளிவரும்.

சர்க்காரை மாத்திரம் கூறி, நம்மை விட்டுவிடுதல் நேர்மையாகாது. 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி இந்நாட்டில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் குறைபாடுடையோர் ஏறத்தாழ 20 லட்சம். அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஊர்வலம் போக அவர்களால் இயலாது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்னும் பழமொழியை நம் அரசியல் நன்கு கற்றுக்கொண்டுவிட்டது. அழத் தெரியாத பிள்ளைக்காகப் பேச வேண்டியவர் யார்? தேசத் தொண்டு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் அல்லவா?

ஆகவே நம் ஊழியர்களுக்கு ஒன்று கூறுவோம். பின்வரும் அடையாளங்களை மனத்திற் கொள்க: நான்கு மாதத்தில் தலை நில்லாமை, ஒன்பது மாதத்தில் பிடிப்பின்றி உட்காராமை, ஓராண்டில் பெயரிட்டு அழைத்தும் திரும்பாமை, ஒன்றரை ஆண்டில் நடவாமை, இரண்டு ஆண்டு நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, எந்த வயதிலாயினும் கற்ற சொல்லை இழந்துவிடுதல். இவை நோயென்று முடிவு கட்டுவதற்கல்ல. சோதித்துப் பார்க்க வேண்டுமென்பதற்கே அறிகுறிகள். இத்தகைய குழந்தையை உங்கள் தெருவில் கண்டால் தாயிடம் பரிவுடன் பேசுங்கள். அடையாள அட்டை பெற்ற பிறகுதான் சோதனை என்பதில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை உடன் செல்லுங்கள். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் எழுந்து, மருத்துவக் குழு நம் அங்கன்வாடிக்கு இவ்வாண்டு எத்தனை முறை வந்தது, எந்தக் குழந்தைகளைப் பார்த்தது, எவற்றைப் பார்க்கவில்லை என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.

சுதந்திரத்தின் பயன் கடைசி வீட்டுத் தொட்டில் வரை சென்றாலன்றி அது நிறைவுறாது. மைனரின் சொத்துக்காகக் கெடுவை நிறுத்தி வைத்த சட்டம், அவன் சொல்லுக்காகவும் நடைக்காகவும் ஒரு கெடுவை விதிக்கட்டும். அதுவரை நாள்கள் அக்குழந்தைக்கு எதிராக ஓடிக்கொண்டேயிருக்கும்.