பெயர் கேட்டதும் பூட்டிக்கொள்ளும் வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் முஸ்லிம்களுக்கு வாடகை வீடு மறுக்கப்படுவது பற்றிய உங்கள் கட்டுரை முழுக்க உண்மை. சென்ற மாதம் அலுவலக நண்பருக்காக நானும் வீடு தேடி அலைந்தேன். அட்வான்ஸ் வரை பேசி முடித்த வீட்டுக்காரர், பெயரைக் கேட்டதும், "சைவம் சாப்பிடறவங்களுக்குத்தான் தர்றோம்" என்றார். அவர் வீட்டு அடுப்படியிலிருந்து மீன்குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. நண்பர் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நபிகள் நாயகத்தின் வரலாற்றை உமறுப்புலவர் சீறாப்புராணமாகப் பாடியது தமிழில்தான். நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். இதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டில் குடியிருக்கவே விடாவிட்டால் எப்படித் தெரியும்?

வாடகை விளம்பரங்களில் 'இன்னாருக்கு மட்டும்' என்ற வரியை இனி ஏற்பதில்லை என்று தங்கள் இதழே முதலில் அறிவிக்க வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர், சென்னை