மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு



தீபாவளிக்கு ஊர் திரும்பும் தம்பி புது மோட்டாரில் வந்து இறங்குகிறான். "அண்ணே, இங்க என்ன இருக்கு? பேசாம ஜொகூருக்கு வந்துடுங்க. நான் பேக்டரியில சொல்லி வைக்கிறேன்" என்கிறான். அன்றிரவே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. அப்பாவுக்கு ஆசை, அம்மாவுக்குப் பயம், பாட்டிக்குக் கண்ணீர். பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. பேராக்கிலும் கெடாவிலும் இந்தப் பேச்சு நடக்காத தமிழர் வீடு இருக்கிறதா?

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. நாட்டின் எந்தப் பகுதிக்கும் சென்று வாழக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று நம் அரசியலமைப்பின் 9ஆவது விதி சொல்கிறது. சபா, சரவாக் மாநிலங்களுக்கு மட்டும் தனிக் குடிநுழைவுச் சட்டம் இருக்கிறது. தீபகற்பத்தில் இருப்பவர்கள் அங்கே வேலை செய்ய அனுமதி எடுக்க வேண்டும். மற்றபடி பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை நீங்கள் எங்கும் போகலாம், யாரும் தடுக்க முடியாது.

எங்கள் கேள்வி வேறு. போவது என்று முடிவு செய்வது நீங்கள்தானா? அல்லது இந்த முறையும் வேறு யாரோ உங்களுக்காக முடிவு செய்கிறார்களா?

நம் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கங்காணி வந்து ஆள் சேர்த்தான், நம் முன்னோர் கப்பலேறினார்கள். 1942, 1943இல் ஜப்பானியர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதையில் மாண்டார்கள். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்றார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பல்லாயிரம் பேர் கண்ணீரோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்கள். 1990களில் புத்ராஜெயா எழும்பியபோது பெராங் புசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர்கள் மாடியில் குடியேறினார்கள். அடுத்து அவர்கள் பார்த்தது சுவரில் விரிசல்!

இத்தனை இடப்பெயர்ச்சியிலும் நம்மிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

இதற்கு மாறான ஒரு காரியமும் நம் வரலாற்றில் உண்டு. தோட்டத் துண்டாடலின்போது, 1960இல், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தத் தோட்டங்களில் இருந்தவர்கள் மூட்டை கட்டவில்லை. கணக்குப் போட்டு, கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

இன்று உங்களைக் கட்டாயமாக வெளியேற்ற யாரும் வராமல் இருக்கலாம். ஆனால் வேலை ஏஜெண்டின் வாய்ச்சொல்லும் உறவினரின் புது மோட்டாரும் சேர்ந்து உங்களைத் தள்ளினால், அதுவும் பழைய கதைதான். ஆகவே மூட்டை கட்டுவதற்கு முன், குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள்.

முதலில் சம்பளக் கணக்கு. 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. பிப்ரவரியில் பெரிய முதலாளிகளுக்கும், ஆகஸ்டில் ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அது நடப்புக்கு வந்தது. 2020 முதல் 2022 வரை நகரத்துக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100 என்று இரண்டு விதமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. கோலாலம்பூரிலும் 1,700தான், கோலகங்சாரிலும் 1,700தான். ஆனால் வீட்டு வாடகை இரண்டு ஊரிலும் ஒன்றா?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,700 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனால், 1,513 மிச்சம். சொக்சோவுக்குச் சில வெள்ளி போகும், அதை விடுங்கள். பட்டணத்தில் சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு 650 வாடகை. மோட்டார் தவணையும் பெட்ரோலும் 300. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி பஸ் 160. மீதி 403 வெள்ளி. அரிசி, பருப்பு, பால், மின்சாரம், மருந்து எல்லாம் அந்த 403க்குள் அடங்க வேண்டும்! மாதம் 124 வெள்ளி வாடகையில் பிபிஆர் வீடு கிடைக்காதா என்று கேட்பீர்கள். விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். நேற்று வந்தவருக்கு இன்று சாவி கொடுக்க மாட்டார்கள். போதாததற்கு, குடிபோகும்போதே இரண்டு மாத முன்பணத்தை வீட்டுக்காரர் கையை நீட்டிக் கேட்பார்.

ஆக, ஊரில் வாங்கும் அதே குறைந்தபட்சச் சம்பளத்துக்காகப் பட்டணம் போவதில் லாபம் இல்லை. கூடுதல் நேர வேலையை நம்பிப் போனால், ஆர்டர் குறையும் மாதத்தில் முதலில் அடிபடுவது அந்தக் கூடுதல் நேரம்தான். கையில் ஒரு தொழில் இருந்தால் கணக்கு மாறும். வெல்டிங், மின்சாரம், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு என்று ஏதாவது ஒன்றில் மலேசியத் திறன் சான்றிதழ் எடுத்த பிள்ளை 1,700க்கு மேல் பேரம் பேச முடியும். உங்கள் மகன் எஸ்.பி.எம். முடித்தவுடன் பட்டணத்தில் செக்யூரிட்டி வேலைக்கு அனுப்ப நினைக்கிறீர்களா? பக்கத்தில் உள்ள கியாட் மாராவிலோ தொழிற்பயிற்சிக் கழகத்திலோ முதலில் விசாரியுங்கள். தொழிலோடு அனுப்புங்கள்.

இரண்டாவது, சிங்கப்பூர்க் கணக்கு. மாசாயிலும் ஸ்கூடாயிலும் குடியேறி, விடிவதற்கு முன்பே எழுந்து கடற்பாலத்தில் வரிசை பிடிக்கும் நம்மவர்கள் ஏராளம். சிங்கப்பூர் வெள்ளியை மாற்றினால் கை நிறைகிறது என்பது உண்மைதான். ஆனால் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் போகும் மலேசியருக்கு முதலாளி அதில் ஒரு காசும் போட மாட்டார். இங்கே நம் சேமநிதியிலும் எதுவும் ஏறாது. இருபது வருடம் ஓடி உழைத்து, ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் புத்தகத்தைப் பார்த்தால் என்ன இருக்கும்? நம் ஊழியர் சேமநிதியில் நீங்களாகவே விருப்பத்தின்பேரில் பணம் செலுத்த வழி இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே அதைச் செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் பெண்களே, இதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

மூன்றாவது, பிள்ளைகளின் பள்ளி. வேலை வந்துவிட்டது என்று தவணை நடுவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். போகும் ஊரில் தமிழ்ப்பள்ளி எங்கே, அங்கே இடம் இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்த பிறகு வீடு தேடுங்கள். பலரும் முதலில் வீட்டைப் பிடித்துவிட்டு, பிறகு "பள்ளி தூரமாக இருக்கிறது" என்று வருத்தப்படுகிறார்கள். அருகில் தமிழ்ப்பள்ளியே இல்லை என்றால், தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வகை செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. யாரும் கேட்காமல் அது தானாக நடக்காது. பதினைந்து பேரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.

நான்காவது, பத்திரங்கள். இதைச் சொல்லும்போது எங்களுக்கு மனம் வலிக்கிறது. பேராக் தோட்டம் ஒன்றிலிருந்து ஷா ஆலாம் பக்கம் குடியேறிய ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். இரண்டாவது பிள்ளை லயத்து வீட்டிலேயே பிறந்தது, பதிவு செய்யவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்துட்டோம் ஐயா" என்றார். இப்போது பதிவு செய்யப் போனால் சாட்சி வேண்டும் என்கிறார்கள். பிரசவம் பார்த்த பாட்டி இறந்துவிட்டார். தோட்டத்துக் கிராணி ஓய்வு பெற்று எங்கே போனார் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அந்தத் தோட்டமே இன்று வீடமைப்புத் திட்டம் ஆகிவிட்டது. பிள்ளைக்கு வயது பன்னிரண்டு!

புரிகிறதா? ஊரில் இருக்கும் வரை உங்களை அறிந்தவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். ஊரை விட்டால் சாட்சியும் போய்விடும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, நீல அடையாள அட்டை இல்லாத பாட்டி, கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாத திருமணம், இப்படி எது இருந்தாலும் கிளம்புவதற்கு முன் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மனுச் செய்யுங்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அது தெரியாமல் பிள்ளைகளின் குடியுரிமையில் சிக்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

போன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ள முகவரியை 30 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பியவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். ஆனால் பழைய முகவரியிலேயே இருந்தால் உங்கள் ஓட்டும் பழைய ஊரிலேயே இருக்கும். பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிட்டு, தேர்தல் ஆணையத்திடமும் தொகுதி மாற்ற விண்ணப்பியுங்கள். மாநில அரசுகளின் சில உதவித் திட்டங்களில் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஓட்டு இல்லாத ஊரில் உங்கள் வீட்டுக் கால்வாய் அடைத்தால்கூட எந்த மக்கள் பிரதிநிதிக்கும் அவசரம் இருக்காது.

கடைசியாக, நீங்கள் விட்டுப்போகும் ஊர். 1957இல் இந்நாட்டில் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவில்தான் இருக்கின்றன. ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளோடு கிளம்பினால், முப்பது பேர் படிக்கும் பள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. இதற்காக உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைப் பலி கொடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களோடு இன்னும் நான்கு குடும்பங்கள் போகத் திட்டமிட்டால், பள்ளியை மக்கள் குடியேறிய இடத்துக்கு மாற்றச் சேர்ந்து கோரிக்கை வைக்கலாம். தோட்டத்திலிருந்து நகர்ப்புறத்துக்கு மாறிப் பிழைத்த தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போன இடங்களில்தான் பள்ளிக் கதவு ஓசையில்லாமல் மூடப்பட்டது.

வயதான பெற்றோரை மறக்காதீர்கள். "மாசாமாசம் பணம் அனுப்புறேன்" என்பது மட்டும் போதாது. மருந்து வாங்க யார் அழைத்துப் போவார்கள், அரசாங்க மருத்துவமனை தேதியை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதையும் அதே மேசையில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஆக, வாசகர்களே! கையில் மிஞ்சும் பணம், தலைக்கு மேல் கூரை, பிள்ளையின் பள்ளி, பெட்டியில் பத்திரம், விட்டுப்போகும் உறவு. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்பா மட்டும் எழுத வேண்டாம். அம்மாவும் வயது வந்த பிள்ளைகளும் உட்காரட்டும். ஐந்தும் சரியாக வந்தால் தைரியமாகக் கிளம்புங்கள். ஒன்றிரண்டு இடித்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், அல்லது ஒருவர் மட்டும் முன்னால் போய்ப் பார்த்து வரட்டும். சரிவராது என்று தெரிந்தால், இருக்கும் ஊரிலேயே நல்ல சம்பளத்துக்கும் நல்ல வீட்டுக்கும் போராடுவோம். அதற்கு நாங்கள் உங்களோடு நிற்போம்.

நம் தாத்தாவை யாரோ கூட்டிவந்தார்கள். நம் அப்பாவை யாரோ வெளியேற்றினார்கள். நம் பிள்ளைகளாவது, "என் குடும்பம் யோசித்து, தானே முடிவு செய்து இந்த ஊருக்கு வந்தது" என்று சொல்லட்டும்.

சிந்திப்போம். செயல்படுவோம்.