படத்தில் தெரியாத வால்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். சுருள் விண்மீன் திரளைக் கரும்பலகையில் வரைவேன். நடுவில் ஒரு புடைப்பு, சுற்றிலும் கைகள், அதற்கு வெளியே வெறும் கறுப்பு. "வெளியே என்ன சார் இருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ஒன்றுமில்லை, வெற்றிடம்தான்" என்றேன். தப்பான பதில்.

நோர்மா கொத்தில், சுமார் 22 கோடி ஒளியாண்டு தொலைவில், ஈ.எஸ்.ஓ. 137-001 என்றொரு சுருள் திரள் இருக்கிறது. சாதாரண ஒளியில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அழகான சுருள்தான். ஆனால் நாசாவின் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியில் பார்த்தபோது, அதன் பின்னால் இரண்டு லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீளமான ஒரு வால் தெரிந்தது. 2006-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. மேலும் கவனித்ததில், 2010-ல் இரண்டாவது வாலும் தெரிந்தது.

காற்றே இல்லாத நாளிலும் சைக்கிளை வேகமாக மிதித்தால் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? அதே கதைதான். கொத்து முழுக்கப் பல கோடி டிகிரி வெப்பமுள்ள மெல்லிய வாயு பரவிக் கிடக்கிறது. அதற்குள் இந்தத் திரள் வினாடிக்கு ஏறத்தாழ 2,000 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. விண்மீன்கள் அசைவதில்லை, அவற்றுக்கு இடையிலுள்ள வாயு மட்டும் உரிந்து பின்னால் போகிறது. அந்த வாயுதான் புது விண்மீன்கள் பிறக்கத் தேவையான சரக்கு. அது போய்விட்டால் திரளுக்கு வயதாகத் தொடங்கிவிடும். அவ்வளவு சூடான வாயு முக்கியமாக எக்ஸ்-கதிரில்தான் ஒளிரும். அந்தக் கதிரை நம் வளிமண்டலம் தடுத்துவிடும். எனவே விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நம் பால்வெளியைச் சுற்றியும் இப்படியொரு சூடான வாயுப் போர்வை இருக்கிறது. அதன் எடை திரளிலுள்ள எல்லா விண்மீன்களின் எடைக்கும் ஈடாக இருக்கலாம் என்று 2012-ல் சந்திராவைப் பயன்படுத்திய ஆய்வு சொன்னது. நான் "ஒன்றுமில்லை" என்று சொன்ன இடம் அது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2023-ல் 6.83 கோடி டாலராக இருந்த சந்திராவின் நிதியை 2025-ல் 4.11 கோடியாகக் குறைக்க 2024 மார்ச்சில் முன்மொழிந்தார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு முன்மொழிவிலும் வெட்டு இருந்தது. தொலைநோக்கிக்கு வயதாகிவிட்டது, வெப்பத்தைச் சமாளிக்கச் சிரமப்படுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அது பொய்யல்ல. 1999-ல் ஏவியது. ஆனால் வயதானதும் வேலை செய்வதும் வேறு வேறு. நானும் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

"அமெரிக்கக்காரன் பணம், உங்களுக்கென்ன சார்?" என்பீர்கள். சந்திராவுக்கு இணையான கூர்மையுள்ள இன்னொரு எக்ஸ்-கதிர் தொலைநோக்கி இன்று விண்ணில் இல்லை. பழையதை அணைத்துவிட்டுப் புதியதுக்குக் காத்திருந்தால் இடைப்பட்ட ஆண்டுகள் குருட்டு ஆண்டுகள். ஓய்வு பெற்ற ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் விட்ட பள்ளியில் அந்த இரண்டு மூன்று வருஷப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்தப் பெயர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. பெயர்ப் போட்டியில் அதைச் சொல்லி வென்றவர்கள் இருவர்: ஒரு பள்ளி மாணவர், ஒரு இயற்பியல் ஆசிரியை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை சுருளை வரையும்போது வெளியே உள்ள கறுப்பை வெற்றிடம் என்று சொல்லாதீர்கள். பழைய மாணவி யாராவது இதைப் படித்தால், அம்மா, அன்று உன் கேள்விதான் சரி.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.