யாழ்ப்பாணத்து ஓட்டைத் திட்ட நாம யாரு?



நவம்பர் 15 காலையில இருந்து நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரே செய்திதான் சுத்திக்கிட்டு இருக்கு. இலங்கை நாடாளுமன்றத் தேர்தல்ல அநுர குமார திசாநாயக்கவோட தேசிய மக்கள் சக்தி 225 இடத்துல 159 பிடிச்சிருச்சு. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, யாழ்ப்பாணம் மாவட்டத்திலும் அவங்கதான் முதலிடம். விகிதாசாரத் தேர்தல் முறை வந்த பிறகு தெற்கத்திக் கட்சி ஒன்று அங்கே முதலிடத்துக்கு வந்ததே கிடையாது.

உடனே ஆரம்பிச்சுட்டாங்க. "யாழ்ப்பாணம் துரோகம் பண்ணிடுச்சு", "இதுக்காகவா இத்தனை பேர் உயிரை விட்டாங்க" என்று நம்ம தோழர்களே பதிவு போடறாங்க. அந்தக் கோபம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். எனக்கு 24 வயசு. 2009 மே மாதம் நான் மூணாம் வகுப்பு முடிச்சிருந்தேன். முள்ளிவாய்க்கால் படங்கள் ஒட்டின சுவர்களைப் பார்த்து வளர்ந்த பையன் நான். முடிவைப் பார்த்ததும் எனக்கும் நெஞ்சு அடைச்சுது.

ஏன்னா தேசிய மக்கள் சக்தியோட முதுகெலும்பு ஜே.வி.பி. 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கின கட்சி. சுனாமி நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் சேர்ந்து ஒரு பொதுக் கட்டமைப்பு உருவாக்கினப்போ, அதை எதிர்த்து 2005-ல் ஆட்சியை விட்டே வெளியே போன கட்சி. இணைஞ்சிருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் போய் 2006-ல் தீர்ப்பு வாங்கினதும் அவங்கதான். இதையெல்லாம் மறக்கச் சொல்லி யாரும் நம்மகிட்ட கேட்க முடியாது.

ஆனா துரோகம்னு எழுதறதுக்கு முன்னாடி எண்ணிக்கையைக் கொஞ்சம் பாருங்க.

யாழ் மாவட்டத்துல தேசிய மக்கள் சக்தி வாங்கினது சுமார் 81 ஆயிரம் ஓட்டு. கிட்டத்தட்ட 25 சதவீதம். அதாவது நாலு பேர்ல மூணு பேர் அவங்களுக்குப் போடவே இல்லை! அப்புறம் எப்படி ஆறு இடத்துல மூணு? அங்கே முதலிடம் வர்ற கட்சிக்கு ஒரு போனஸ் இடம் உண்டு. அஞ்சு சதவீதம் தாண்டாத கட்சிகளைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டாங்க. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பா ஒண்ணா நின்னவங்க இந்தத் தடவை தமிழரசுக் கட்சி ஒரு பக்கம், மத்தவங்க இன்னொரு பக்கம், காங்கிரஸ் தனி, விக்னேஸ்வரன் ஐயா கட்சி தனி. இது போக சுயேச்சைகள். அங்கே ஒரு இடம் ஜெயிச்ச சுயேச்சைக் குழுவோட எண் 17. மொத்தம் எத்தனை குழு நின்னிருக்கும்னு நீங்களே பார்த்துக்கங்க.

ரெண்டே மாசம் முன்னாடி, செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல்ல இதே யாழ்ப்பாணம் அநுரவுக்குப் போட்டது 27 ஆயிரம் சொச்சம்தான். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல விழுந்துச்சு. மட்டக்களப்பை எடுத்துக்கங்க. அங்கே இந்தத் தேர்தல்லயும் தமிழரசுக் கட்சிதான் முதலிடம், அஞ்சுல மூணு. கொள்கையைக் கைவிட்ட சனம் இப்படியா ஓட்டுப் போடும்?

அவங்க கைவிட்டது தலைவர்களை. சுமந்திரன் தோத்தார், டக்ளஸ் தேவானந்தா தோத்தார். கொழும்போடு பேசறோம்னு சொன்னவருக்கும் கொழும்போடு அமைச்சராவே இருந்தவருக்கும் ஒரே நாள்ல விடை கொடுத்தாங்க. நிலம் இன்னும் ராணுவத்துக்கிட்ட. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளோட அம்மாக்கள் 2017-ல் இருந்து கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் படத்தைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. வடக்கு மாகாண சபைக்கு 2013-ல் ஒரே ஒரு தடவைதான் தேர்தல் நடந்தது, 2018-ல் காலம் முடிஞ்சதோட சரி. இத்தனை வருஷம் காத்திருந்தவங்க ஒரு தடவை வேற கதவைத் தட்டிப் பார்த்தா, கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாம துரோகிப் பட்டம் கொடுக்கலாமா?

இன்னொண்ணும் சொல்லணும். 2019-ல் அநுர வாங்கினது 3 சதவீதம். "மூணு பர்சன்ட் கட்சி"ன்னு ஏளனம் பண்ணாங்க. அஞ்சே வருஷத்துல அந்த மூணு 42 ஆச்சு. எதிர்ல நின்னவங்க எல்லாம் முன்னாள் ஜனாதிபதிகளோட மகன்கள், மருமகன். இவர் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. கொள்கையில எனக்கு நூறு சண்டை இருக்கு, ஆனா ஊர் ஊராப் போய் கிளை கட்டின அந்த உழைப்பைப் பார்த்தா பொறாமையா இருக்கு. மாத்தறை மாதிரி சிங்கள இதயப் பகுதியில சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண் ஜெயிச்சதும், மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றம் போறதும் சந்தோஷமாத்தான் இருக்கு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனா சந்தோஷம் வேற, நம்பிக்கை வேற. தேர்தலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பலாலி - அச்சுவேலி வீதியை 34 வருஷத்துக்குப் பிறகு திறந்தாங்க. அதுவும் பகல்ல மட்டும், நடுவுல வண்டியை நிறுத்தக் கூடாதாம். ரோட்டைத் திறந்தாச்சு, ரோட்டோரத்து வீடும் தோட்டமும் எப்போ? மூணுல ரெண்டு பங்குக்கு மேல கையில வச்சிருக்கிற அரசு இனிமே யாரையும் காரணம் காட்ட முடியாது. 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க எந்தக் கூட்டணிக் கட்சியும் தடுக்கப் போறதில்லை. மாகாண சபைத் தேர்தலுக்குத் தேதி சொல்லவும் அப்படித்தான். நம்ம பதிவு, நம்ம ஹேஷ்டேக் எல்லாம் கொழும்பைப் பார்த்து இதைக் கேட்கட்டும்.

நம்ம பக்கத்துலயும் ஒரு வேலை இருக்கு, சில தோழர்களுக்குக் கசக்கலாம். யாழ்ப்பாணத்து மீனவர்கிட்ட உங்க முதல் பிரச்சனை என்னன்னு கேட்டா, நம்ம விசைப்படகுகளோட இழுவை மடியைத்தான் சொல்றாங்க. அவங்க வலையும் அறுபடுது, ராமேஸ்வரத்துல படகு பறிபோய் சிறையில கிடக்கிறவர் வீட்டு அடுப்பும் அணையுது. ரெண்டு கரையிலயும் தமிழர்தான். புது அரசு வந்திருக்கிற இந்த நேரத்துல, ரெண்டு கரை மீனவர் சங்கங்களும் நேருக்கு நேர் உட்கார்ற பேச்சுவார்த்தையை டெல்லி உடனே கூட்டணும். இந்த வாரமே அந்தக் கோரிக்கையை எழுப்புவோம் தோழர்களே.

#இலங்கைத்தேர்தல்2024 #யாழ்ப்பாணம் #மீனவர்பேச்சுவார்த்தை