வாரண்டியும் ஓர் உடன்படிக்கையே

புதிய மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து கூலன்ட் கசிகிறது. சர்வீஸ் சென்டரில் குறைந்ததை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். நம்மில் பலர் பேசாமல் திரும்புகிறோம். அதற்குப் பொறுமை என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம். இது பொறுமையன்று.

நிரப்புவது பழுதுநீக்கம் ஆகாது. வாட்டர் பம்ப் சீலிலோ ரேடியேட்டரிலோ கசிவு தொடர்ந்தால், சாந்தோம் நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்கையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி, ஹெட் கேஸ்கெட்டே சேதமடையலாம்.

வாரண்டி, விற்பவர் எழுதிக் கொடுத்த உடன்படிக்கை. அதன்படி கேட்பது யாசகம் அன்று. வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் அதைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்கின்றன. ஈரத் தானியத்தைக் குவியலின் உள்ளே வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அதே வாய்மை வாங்கியவருக்கும் கடமை. வண்டி விழுந்து ரேடியேட்டர் அடிபட்டதை மறைத்து வாரண்டி கோருவதும் மோசடியே.

ஆகவே, கசியும் இடத்தைப் படமெடுங்கள். எஞ்சின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்கள். புகாரை ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் பெறுங்கள். பயனில்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை.

நாம் கேளாமல் விட்ட குறை, அடுத்து வாங்குபவரின் வாசலுக்கும் போய்ச் சேரும்.