சொந்தக் கருவி, பொதுக் கூடம்

சங்கத்தின் இணையதளத்தையும் அங்கத்தினர் கணக்குகளையும் தாங்கும் சர்வர் சங்கத்திற்கே சொந்தமாயிருப்பது நல்லதென்பது நமது அபிப்பிராயம். ஆனால் அதைக் காரியாலயத்து அலமாரியருகே வைப்பது நல்லதன்று. ஓயாத மின்சாரமும், குளிர்ந்த காற்றும், அறுபடாத இணைப்பும் அதற்கு வேண்டும். இவற்றை ஒரு சங்கம் தனித்து அமைப்பது, பத்து மரக்கால் நெல்லுக்குக் கிடங்கு கட்டுவது போலாகும்.

தரவு மையங்களில் இடம் மட்டும் வாடகைக்குக் கிடைக்கிறது. 19 அங்குல அகலச் சட்டத்தில் 1¾ அங்குல உயரம் ஒரு யூனிட். சிறு சர்வருக்கு அதுவே போதும். ஜெனரேட்டர், குளிரூட்டம், காவல் ஆகியவற்றின் செலவைப் பலரும் பகிர்ந்துகொள்கின்றனர்; கருவியோ நம்முடையது. இட வாடகையைக் காட்டிலும் மின்சாரக் கட்டணத்தையே முதலில் விசாரிக்க வேண்டும். நம் ஆள் எந்நேரமும் உள்ளே செல்லலாமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குதல் வேண்டும். ஹார்டு டிஸ்க் பழுதானால் மாற்றிவைக்க ஆளில்லாத சங்கம் இதில் இறங்காதிருத்தலே நலம்.

எனினும், பொதுக் கூடம் என்பதாலேயே பத்திரமென்று எண்ணிவிடலாகாது. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்தடுக்கு மையமொன்று தீக்கிரையாயிற்று. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களிற் சிலர் தங்கள் தரவுகளை மீளப் பெறவேயில்லை. ஆகவே கணக்குகளின் நகலொன்று தினந்தோறும் வேற்றூருக்குச் செல்ல வேண்டும். மாதமொரு முறையேனும் அந்நகலைத் திறந்து, பங்குத்தொகைப் பேரேடு சரியாயிருக்கிறதா என்று காரியதரிசி பார்த்தல் வேண்டும். இதற்காகும் செலவை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.