சிமர்மன் தீர்ப்பு: ஜூரர்கள் வாய் திறந்தது சரியா?

கொலை செய்துவிட்டு ஒருவர் தப்பிவிட்டார், ஆனால் இறைவனிடமிருந்து தப்ப முடியாது. 2013 ஜூலை 25, வியாழக்கிழமை அமெரிக்காவின் ஏ.பீ.சீ. தொலைக்காட்சியில் ஒரு பெண் இந்தக் கருத்தைச் சொன்னார். ரமழான் மாதத்தில் இதைக் கேட்கும் எவருக்கும் மனம் இளகும். ஆனால் இதைச் சொன்னவர் வழக்குக்கு வெளியே நின்றவர் அல்லர். ஜோர்ஜ் சிமர்மனை விடுதலை செய்த ஆறு ஜூரர்களில் அவரும் ஒருவர். அந்த ஆறு பெண்களில் வெள்ளையர் அல்லாதவர் அவர் மட்டுமே.

2012 பெப்ரவரி 26 அன்று புளோரிடாவின் சன்ஃபோர்ட் நகரில் 17 வயது கறுப்பின மாணவன் ட்ரைவோன் மார்ட்டின் கடைக்குச் சென்று இனிப்பும் பானமும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். அயலைக் கண்காணிக்கும் தொண்டராக இருந்த சிமர்மன், அவனைச் சந்தேகநபர் எனக் கருதிப் பொலிஸுக்கு அறிவித்தார். பின்னர் ஏற்பட்ட கைகலப்பில் அவனைச் சுட்டுக் கொன்றார். பையனிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. ஆறு வாரங்களுக்கு மேல் கைது நடக்கவில்லை. நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் எழுந்த பிறகே வழக்குத் தொடரப்பட்டது. 2013 ஜூலை 13ஆம் திகதி அவர் குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பானது.

ஜூரர்களின் பெயர்களை வெளியிட நீதிபதி டெப்ரா நெல்சன் தடை விதித்திருந்தார். ஆகவே உலகம் அவர்களை அப்போது இலக்கங்களால்தான் அறிந்திருந்தது. முதலில் பேசியவர் பி37. தீர்ப்பு வந்து இரண்டு நாட்களுக்குள், முகத்தை மறைத்துக்கொண்டு சீ.என்.என். தொலைக்காட்சியில் அன்டர்சன் கூப்பருக்குப் பேட்டி கொடுத்தார். அதற்கிடையில் புத்தகம் எழுதுவதற்கு ஒரு இலக்கிய முகவரையும் பிடித்திருந்தார். ஒரு பிள்ளையின் மையித்து விற்பனைப் பொருளாகிறதா என்று மக்கள் கொதித்தெழ, முகவர் விலகிக்கொண்டார், புத்தகமும் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. வேறு நான்கு ஜூரர்கள், பி37 சொல்வது தங்கள் கருத்தல்ல என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

இவர்கள் பேசியிருக்கக் கூடாது என்று வாதிடுவோர் பலர். இங்கிலாந்தில் 2013இல் நடைமுறையிலிருந்த 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி ஜூரி அறையில் நடந்ததை வெளியிடுவதே குற்றமாக இருந்தது. நாளை தன் வார்த்தை பத்திரிகையில் வரும் என்ற பயம் இருந்தால் எந்த ஜூரரும் மனம் திறந்து பேசமாட்டார் என்பதே அதற்கான காரணம். இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பி37 வாய் திறக்காமல் இருந்திருந்தால் நாம் எதை அறிந்திருப்போம்?

அவர் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'ஜோர்ஜ்' என்றே அழைத்தார். அவருடைய மனம் நல்லது, எல்லை மீறிப் போய்விட்டார், அவ்வளவுதான் என்றார். இனத்துக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, அது பற்றி நாங்கள் பேசவுமில்லை என்றார். மார்ட்டின் கடைசியாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த தோழிதான் அரச தரப்பின் முக்கிய சாட்சி. அவருடைய பேச்சு தனக்கு விளங்கவில்லை, அவர் நம்பத்தக்கவராகவும் தோன்றவில்லை என்றார். இதில் இனவெறி என்று சொல்ல ஒரு வார்த்தை கூட இல்லை. அதுதான் கவலைக்குரியது. தன்னைப் போன்றவரின் பயம் அவருக்கு உடனே புரிந்தது. மற்றவரின் பேச்சு விளங்கவே இல்லை.

வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட வாக்குவன்மை உடையவராக இருக்கலாம், தான் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிப்பதால் பிறர் உரிமை தவறானவருக்குப் போய்விடலாம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை நாம் அறிவோம். அப்படிப் பெற்றவர் நெருப்புத் துண்டையே எடுக்கிறார் என்றார்கள். சாட்சியின் மொழிநடையைப் பார்த்து அவரை எடைபோடும் பழக்கத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

இனி, வியாழக்கிழமை பேசிய பி29. ஜூரிகளின் முதல் வாக்கெடுப்பில் மூவர் விடுதலைக்கும் இருவர் ஆட்கொலைக்கும் ஒருவர் இரண்டாம் தரக் கொலைக்கும் வாக்களித்தனர். அந்த ஒருவர் இவர்தான். கடைசிவரை போராடினேன், சட்டம் கையைக் கட்டிவிட்டது என்கிறார். மார்ட்டினின் பெற்றோரிடம் மன்னிப்பும் கேட்டார். அவர் கண்ணீர் உண்மையானதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் கொலை செய்துவிட்டுத் தப்பினார் என்ற வாசகம் முதலில் பேட்டியாளரின் கேள்வியில் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி அதை அவருடைய சொந்தத் தீர்ப்புப் போலத் தலைப்பாக்கியது.

கையைக் கட்டிய சட்டம் எது? சட்டப்படி நிற்கும் இடத்தில் தாக்கப்படுபவர் பின்வாங்கத் தேவையில்லை, உயிராபத்து என நியாயமாக நம்பினால் கொல்லும் அளவுக்குப் பலத்தைப் பிரயோகிக்கலாம் என்று ஜூரிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. அது தற்காப்பு அல்ல என்பதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது அரச தரப்பின் பொறுப்பு. நேரில் கண்டதைச் சொல்லக்கூடிய மற்றவரோ கப்றில். இடையில் ஜூரிகள் ஆட்கொலை பற்றி விளக்கம் கேட்டபோது, பொதுவாக விளக்க முடியாது, குறிப்பான கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் மீண்டும் கேட்கவில்லை.

மறுமையில் நீதி கிடைக்கும் என்பது எமது ஈமான். ஆனால் இந்தப் பெண்ணின் வாயிலிருந்து அது வரும்போது எனக்கு நெருடுகிறது. இந்த உலகத்தில் நீதி வழங்கும் அதிகாரம் சில மணிநேரம் அவர் கையில் இருந்தது.

இது எமக்குத் தூரத்துச் செய்தியல்ல. இலங்கையின் மேல் நீதிமன்றங்களில் பாரதூரமான குற்றங்களுக்கு இன்றும் ஏழு பேர் கொண்ட ஜூரியைக் கேட்கலாம். ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். ஜூரிகள் எந்த மொழி பேசுவோரின் பட்டியலிலிருந்து வரவேண்டும் என்பதைத் தெரிவு செய்யும் உரிமை எதிரிக்கு உண்டு. பாதிக்கப்பட்டவரின் மொழியை யாரும் கேட்பதில்லை. 2013 மார்ச் மாதம் பெப்பிலியானயில் முஸ்லிம் ஒருவரின் துணிக்கடை தாக்கப்பட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தது. நாளை சமரசம் செய்ய முடியாத ஒரு வழக்கு, ஒரு ஜனாஸாவோடு வந்தால், அந்த ஏழு பேரின் அறையில் என்ன பேசப்பட்டது என்று எமக்கு வந்து சொல்ல ஒரு பி29 கூட இருக்கப்போவதில்லை.